புருவ மெழுகும் புண்பட்ட சருமமும்

பருத்தித்துறையிலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் வரைந்திருக்கிறார். அவருடைய தங்கைக்குச் சென்ற ஆவணியில் திருமணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில் மணப்பெண்ணை அழகு நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று புருவத்தைத் திருத்துவித்தார்களாம். மெழுகு பூசித் துணிக்கீற்றை ஒட்டி இழுத்தபோது, உரோமத்தோடு தோலும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. இடப் புருவத்தின் கீழே பெருவிரல் நகத்தளவு இடம் சிவந்து நீர் கசிந்தது. மணவறையில் அது தெரியாதிருக்கப் பூச்சின்மேற் பூச்சாகப் பூசிச் சமாளித்தார்கள். இப்போது புண் ஆறிவிட்டது. ஆனால் அவ்விடம் கறுத்து நிற்கின்றது. மெழுகில் ஏதேனும் நஞ்சு கலந்திருந்ததா, இந்தக் கறுப்பு நீங்குமா, இனித் தங்கள் வீட்டுப் பெண்கள் மெழுகைத் தொடவே கூடாதா என்று கேட்கிறார்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறெதையோ சொல்லும்போது அச்சகோதரி எழுதியுள்ள ஒரு வரியிலே என் கண் நின்றுவிட்டது. முகம் வெளுக்க வேண்டுமென்று மணப்பெண் இரண்டு மாதமாக இரவுதோறும் ஒரு களிம்பு பூசி வந்தாளாம். சிநேகிதி ஒருத்தி கொடுத்த களிம்பு அது. அதில் என்ன கலந்திருக்கிறதென்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை. மெழுகைக் கூண்டில் ஏற்றுமுன் இந்தக் களிம்பையல்லவா விசாரிக்க வேண்டும்!

மெழுகு வேலை செய்யும் முறையை அறிந்தால் இது விளங்கும். நமது தோலின் மேற்புறத்திலே உயிரற்ற கலங்கள், கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. வெளியிலுள்ள தூசும் கிருமியும் உட்புகாமலும், உள்ளேயுள்ள ஈரம் வெளியேறாமலும் காப்பது இவ்வடுக்கே. மெழுகானது உரோமத்தை மாத்திரம் தெரிந்தெடுத்துப் பற்றுவதில்லை, இக்கலங்களையும் பற்றுகின்றது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மேலடுக்கிற் சிறிது போகத்தான் செய்யும். நல்ல நிலையிலுள்ள சருமம் அதைத் தாங்கிச் சில நாட்களில் இழந்ததை ஈடுசெய்துகொள்ளும். ஆனால் உடல் முழுவதிலும் மிக மெல்லிய தோல் கண்ணிமையின் தோலாகும். புருவத்தின் கீழ்க்கரை அந்த இமையோடு சேர்ந்தது. கைகாலுக்குப் பூசும் அதே கைப்பழக்கத்தோடு அங்கும் மெழுகைப் பூசி இழுப்பது, சாக்குத் தைக்கும் ஊசியாற் பட்டுத் தைப்பது போன்றது.

இந்த மெல்லிய தோலை மேலும் தளர்த்தும் பொருட்கள் இன்று நமது அலுமாரிகளில் தாராளமாக இருக்கின்றன. முகப்பருவுக்கும் சுருக்கத்துக்கும் பூசுகின்ற ட்ரெட்டினோயின், அடாப்பலீன், ரெட்டினோல் ஆகியவை ஒரே குடும்பத்தவை. இவை கலங்களை விரைவாகப் புதுப்பிக்கும் வேகத்தில் மேலடுக்கின் பிடிப்பைக் குறைத்துவிடுகின்றன. கிளைக்கோலிக் அமிலம், சலிசிலிக் அமிலம் முதலியன கலந்த பூச்சுகளும் கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை இளக்குவனவே. இப்படி இளகிய தோலில் மெழுகை ஒட்டி இழுத்தால் என்ன நேருமென்று சொல்லவும் வேண்டுமோ? பூசுகின்ற இவ்வகை மருந்துகளை இரண்டு முதல் ஐந்து நாள் முன்னதாக நிறுத்த வேண்டுமென்று சரும வைத்தியர்கள் கூறுவர். கண்ணுக்கு அருகில் என்பதால் நான் ஒரு வாரம் என்பேன். ஒரு வாரம் பூசாதிருந்தால் குடி முழுகிவிடாது. கடுமையான பருவுக்கு வைத்தியர் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் குளிசைகளை விழுங்குவோருக்கு இந்த ஒரு வாரம் போதாது. அவர்கள் குளிசையை உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்தி ஆறு மாதம் கழியும் வரையிலும் மெழுகைக் கிட்டவும் நெருங்கவிடலாகாது.

வெளுக்கவைக்கும் களிம்புகளின் கதை இன்னும் மோசமானது. பெயரும் விவரமும் சரியாக இல்லாமற் கைமாறும் டப்பாக்கள் சிலவற்றில், பீற்றாமெதசோன், குளோபீற்றசோல் போன்ற ஸ்ரிறொயிட் மருந்துகள் சொல்லாமற் கலக்கப்படுகின்றன. தோல் நோய்க்கு வைத்தியர் அளந்து கொடுக்கும்போது அவை அருமருந்துகள். மாதக்கணக்கில் முகத்திற் பூசினாலோ தோல் காகிதம் போல மெலிந்து, உள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். வேறு சிலவற்றில் இரசம் இருக்கும். 2013ஆம் ஆண்டில் உருவான மினமாட்டா உடன்படிக்கை, இரசங் கலந்த இத்தகைய வெளுப்புக் களிம்புகளை 2020ஆம் ஆண்டோடு ஒழிக்கவேண்டுமென்று விதித்தது. ஆனாலும் அவை பல நாடுகளிலும் களவாக விற்கப்பட்டே வருகின்றன. ஸ்ரிறொயிட்டினால் மெலிந்த தோல் ஐந்து நாளிலோ ஒரு வாரத்திலோ பழைய நிலையை அடையாது. அப்படிப்பட்ட களிம்பைப் பூசுவோர் மெழுகை நினைக்கவே வேண்டாம். களிம்பையும் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியக்கூடும்; ஆகையால் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே வைத்தியரிடம் செல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்ற அச்சத்தில் அதை மறைக்காதீர்கள்.

மெழுகிலும் குற்றம் இல்லாமலில்லை. மெழுகினால் வரும் தொல்லை எத்தகையதென்பதை, அது எப்போது தோன்றியது என்பதைக்கொண்டே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இழுத்த கணத்திலேயே பளபளவென்று ஈரமாக நின்றால் அது தோல் உரிந்தது. பூசிய கணத்திலேயே சுரீரென்று எரிந்தால் அது சூடு. சற்று நேரத்திற் சிவந்து, சிறு தடிப்புகள் எழுந்து, மறுநாளைக்குள் தணிந்துவிட்டால் அது இயல்பானதே. அதற்காகக் கலங்க வேண்டாம். ஒன்றிரண்டு நாள் கழித்துச் சொறி எடுத்து, இமை வீங்கி, மெழுகு பட்ட அளவுக்கு எல்லை கட்டினாற்போலத் தடித்தால் அது ஒவ்வாமை. உரோமக் குழிகள்தோறும் சீழ் முனையுடன் பருக்கள் எழுந்தால் கிருமி புகுந்திருக்கின்றது.

ஒவ்வாமையைப்பற்றி இரண்டு வார்த்தை அதிகமாகச் சொல்வது நல்லது. மெழுகு என்று நாம் சொன்னாலும், பலவகை மெழுகுகளில் ஒட்டும் தன்மையைத் தருவது பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரொசின் என்னும் பொருளே. வயலின் வில்லுக்கு வித்துவான்கள் தேய்ப்பதும், வானொலி திருத்துவோர் ஈயம் பற்றவைக்கையிற் பாவிப்பதும் இதுதான். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர்கள் சிலவற்றிலும் இது உண்டு. ஆகவே பிளாஸ்ரர் ஒட்டிய இடம் உங்களுக்குச் சிவந்து சொறியுமானால் ரொசின் சேர்ந்த மெழுகு உங்களுக்கு ஆகாதென்று ஐயுறுங்கள். ஒட்டுப்பொட்டினால் நெற்றி புண்ணாகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் வேறொரு பசை. என்றாலும் அவர்களும் எச்சரிக்கையாயிருப்பதில் நட்டமில்லை. இன்னொன்று: ஒவ்வாமை முதல் நாளிலேயே வரவேண்டுமென்பதில்லை. இரண்டு முறை ஒன்றும் செய்யாத மெழுகு மூன்றாம் முறை முகத்தை வீங்கச் செய்யலாம். உடம்பு அப்பொருளைப் பகையென்று பழகிக்கொள்ளக் காலம் எடுக்கின்றது. புதிய மெழுகாயின் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி இட்டு எடுத்து, இரண்டு நாள் பார்த்திருப்பதே முறை. நிலையத்தில் உட்கார்ந்தபடி பத்து நிமிடம் பார்ப்பது சோதனையாகாது.

ஏதேனும் நேர்ந்துவிட்டால் முதலிற் செய்யவேண்டியது, செய்யாதிருப்பது. நம் வீடுகளில் ஒருத்திக்கு முகத்தில் ஏதாவது என்றால் ஆளுக்கொரு மருந்தோடு ஓடி வருவார்கள். பற்பசை, மஞ்சள், சந்தனம், தேசிக்காய்ச் சாறு எல்லாம் வந்து சேரும். உரிந்த தோலில் இவை யாதொன்றும் படலாகாது. தேசிக்காய் பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளித்துக் கறுக்கும். கறுப்பை நீக்க வந்தது கறுப்பைச் சேர்க்கும். வெறும் சிவப்பும் எரிவுமாயின், சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் ஒத்தடம் வையுங்கள். சூடு பட்டதாயின் இருபது நிமிடம் வரை குளிர்ந்த நீர் படவேண்டும். ஐஸ் கட்டியை நேரே வைப்பது ஏற்கெனவே நொந்த தோலை மேலும் நோகச் செய்யும். தோலில் ஒட்டிக்கொண்ட மெழுகைப் பிய்க்காமல், ஆறியபின் எண்ணெய் தொட்டு மெல்ல இளக்குங்கள். இமைமயிரில் ஒட்டியிருந்தால் வாஸ்லின் பூசி இளக்கலாம். கண்ணுக்குள்ளே போயிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

தோல் உரிந்த இடத்தைச் சுத்தமான நீரால் மெல்லக் கழுவி, ஒற்றி எடுத்து, வாஸ்லினை மெல்லியதாகப் பூசி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் மூடிவிடும். பொருக்கைக் கிள்ளக்கூடாது. அது மூடும்வரை அவ்விடத்தில் முகப்பூச்சும் மையும் வேண்டாம். ஒன்றும் நேராத சருமத்துக்குக்கூட, மெழுகு வைத்து ஒரு நாள் கழியும்வரை பவுடர், வாசனைப் பூச்சு, வெந்நீர்க் குளியல், கடும் வெயில் ஆகியவை ஆகா. சொறி தாங்காமல் மருந்துக்கடையில் ஏதோ களிம்பு வாங்கி இமையருகே தடவுவதும் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசும் மருந்தை வைத்தியரே சொல்லவேண்டும்.

வைத்தியரிடம் ஓடவேண்டிய அறிகுறிகள் சில உண்டு. இமை கனத்து வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சல், கண்ணை அசைக்கையில் நோவு, பார்வை மங்குதல் இவற்றில் எது கண்டாலும் அன்றே செல்லுங்கள். விடியட்டும் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். கொத்தாக நீர்க் கொப்புளங்கள் எழுந்து எரிந்தாலும் அப்படியே. உதட்டோரத்தில் அடிக்கடி அத்தகைய கொப்புளம் வருகிறவர்களுக்கு, மெழுகு இழுத்த அதிர்ச்சியில் அந்த நோய்க்கிருமி மீண்டும் தலைதூக்குவதுண்டு. அது கண்ணுக்குப் பரவினாற் பார்வைக்கே கேடு. நீரிழிவுள்ளவர்கள் சிறு காயத்தையும் அலட்சியம் செய்யலாகாது.

அழகு நிலையத்தில் வெட்கப்படாமற் கவனிக்க வேண்டியவை உள. மெழுகை உங்கள் முகத்திற் பூசிய தட்டைக்குச்சியை மீண்டும் மெழுகுச் சட்டிக்குள் விடுகிறாளா என்று பாருங்கள். விட்டால், உங்களுக்கு முன் வந்தவரின் தோலிலிருந்த கிருமியும் அச்சட்டியில் இருக்குமென்றே கொள்ள வேண்டும். சட்டி சூடாயிருக்கிறதே, கிருமி செத்துவிடாதா என்பார்கள்; முகத்தில் வைக்கக்கூடிய இளஞ்சூட்டில் அவையெல்லாம் சாகும் என்று நம்பியிருக்க முடியாது. மெழுகைத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தபின் உங்களுக்கு வைப்பவளே வேலை தெரிந்தவள். தோலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, கீற்றை முகத்தோடு படிந்தாற்போல இழுக்கவேண்டும். மேல்நோக்கிப் பிடுங்கினால் தோலும் கூட எழும். உரோமம் மிஞ்சிவிட்டதென்று அதே இடத்தில் இரண்டாம் முறை மெழுகு வைக்க இடங்கொடாதீர்கள். மிஞ்சியதைச் சாவணத்தால் எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன பூசுகிறீர்கள், என்ன விழுங்குகிறீர்கள் என்று அவள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பருத்தித்துறைச் சகோதரியின் தங்கை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், நல்ல அனுபவசாலியாயின் மெழுகை மூடிவைத்துவிட்டு நூலை எடுத்திருப்பாள்.

நூலால் எடுப்பது தோலின் மேலடுக்கை மெழுகைப்போல உரிப்பதில்லை. ஆதலின் புருவத்துக்கு நான் நூலையே விரும்புகிறேன். ஆயினும் ஒவ்வொருவருக்கும் புதிய நூல் வெட்டவேண்டும். நூல் நுனியைப் பல்லிற் கடித்துக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் சுகாதாரத்துக்கு ஒவ்வாதது. அதைக் கழுத்திற் கட்டிக்கொண்டும் செய்யலாம்.

திருமண வீட்டாருக்கு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமை வெளிப்பட மூன்று நாள் ஆகலாம். உரிந்தது மூட ஒரு வாரம் வேண்டும். ஆகவே முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே புருவ வேலையை முடித்துவிடுங்கள். வாழ்க்கையில் முதல் முறையாக மெழுகு வைப்பதாயின் அதைக் கலியாண மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டாம். மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே முற்பணம் கட்டுகிறோம்; முகத்துக்கு மூன்று நாள் மட்டும் ஒதுக்குவது என்ன நியாயமோ தெரியவில்லை.

இனிச் சகோதரியின் கேள்விகளுக்கு வருகிறேன். மெழுகில் நஞ்சு இருந்ததென்று எண்ண இடமில்லை. களிம்பினால் தளர்ந்த தோல் உரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தங்கை அதை இன்னும் பூசி வருகிறாளாயின் டப்பாவோடு சரும வைத்தியரைக் காணட்டும். கறுப்பு, நமது நிறத்தோலில் காயம் ஆறியபின் தங்கும் நிழல். அது தானாகவே மங்கும். ஆனால் சில மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் செல்லும். அதுவரை பகலில் வெளியே போகையிற் குடையும், வெயிலைத் தடுக்கும் பூச்சும் தவறாதிருக்க வேண்டும். பூச்சுப் போத்தலில் முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட எண் குறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கறுப்பை விரைவில் நீக்குவதாகச் சொல்லும் இன்னொரு வெளுப்புக் களிம்பை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் வீட்டின் மற்றப் பெண்கள் இவ்வகைப் பூச்சுகள் எதையும் பாவிக்காதவர்களாயின் மெழுகை அஞ்சவேண்டியதில்லை. முழங்கையில் சோதித்துப் பார்த்துவிட்டு வைக்கலாம். தங்கை மட்டும், கறுப்பு மறைந்து வைத்தியரும் சம்மதிக்கும்வரை புருவத்தைச் சாவணத்தால் திருத்திக்கொள்ளட்டும். நெற்றியிற் பொட்டு வைக்கலாமா என்றும் கடித ஓரத்திற் கேட்டிருக்கிறார். தாராளமாக வைக்கலாம், அந்த இடத்திற் படாமலிருந்தாற் போதும்.