ஒற்றைப் பாட்டுக்காரர்கள் என்றொரு வசை

ராக் இசையைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் ஒரு சொல் மிக லாகவமாகப் புழங்குகிறது. 'ஒன் ஹிட் வொண்டர்'. ஒரே ஒரு பாட்டால் பெயரெடுத்து அத்தோடு காணாமல் போனவர்கள் என்று பொருள். சொல்பவரின் உதட்டில் ஒரு சிறு புன்னகையும் கூடவே வரும். லாட்டரிச் சீட்டு விழுந்தவனைப் பற்றி ஊர் பேசும்போது வருகிற அதே புன்னகை. தகுதிக்கு மீறிக் கிடைத்தது, கிடைத்த வேகத்திலேயே போயிற்று, நியாயம்தானே என்பது அதன் உட்பொருள். இச்சொல்லை நாங்களும் பல ஆண்டுகள் யோசியாமல் பயன்படுத்தியிருக்கிறோம். இனி அதைக் கைவிட வேண்டும் என்பதே எங்கள் வாதம். இதை இரக்கத்தின் பேரில் சொல்லவில்லை. அந்தச் சொல் பொய்க்கணக்கு எழுதுகிறது என்பதால் சொல்கிறோம்.

வாதத்தை அந்தரத்தில் நடத்துவதில் பயனில்லை. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1966 அக்டோபர் 29 தேதியிட்ட பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த பாடல் '96 டியர்ஸ்'. பாடிய குழுவின் பெயர் 'கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ்'. பெயரின் முற்பகுதியைச் சொல்லாக எழுதுவதில்லை; '?' என்ற குறி மட்டும்தான். பாடகரும் தன்னை அந்தக் குறியாகவே அறிவித்துக்கொண்டார். ருடி மார்ட்டினெஸ் என்ற பெயர் ஆவணங்களில் இருக்கிறது. அவரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், தான் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழுவின் பெயரில் உள்ள மறுபாதி, 1957இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய அறிவியல் புனைவுத் திரைப்படத்தின் தலைப்பு.

அந்த முதலிடம் ஒரே ஒரு வாரம்தான் நீடித்தது. முந்தைய இரண்டு வாரங்கள் அந்த இடத்தில் இருந்தவர்கள் டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தைச் சேர்ந்த 'ஃபோர் டாப்ஸ்'. மறுவாரம் அதைப் பிடித்தவர்கள், தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகவே ஆள் பொறுக்கிச் சேர்க்கப்பட்ட 'த மங்கீஸ்'. ஒருபுறம் தேர்ந்த இசைத் தொழிற்கூடம். மறுபுறம் தொலைக்காட்சி முதலாளிகளின் திட்டம். இரண்டுக்கும் நடுவே ஏழு நாட்கள், மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள்.

யார் இவர்கள்? மிச்சிகனின் சாகினா பள்ளத்தாக்கு சர்க்கரை பீட்ரூட் விளையும் பூமி. அந்த வயல்களில் குனிந்து களையெடுக்க டெக்சாஸிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திரட்டி வந்தார்கள். பருவம் முடிந்ததும் திரும்பிப் போனவர்கள் உண்டு. தங்கி, கார்த் தொழிற்சாலைகளின் வார்ப்படச் சாலைகளில் வேலை தேடிக்கொண்டவர்களும் உண்டு. அப்படி இடம்பெயர்ந்து வந்த மெக்சிகோ வழிக் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் 1962இல் பே சிட்டியில் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். ஆர்கன் வாசித்த ஃப்ராங்க் ரொட்ரிகெஸ், பாட்டு புகழ்பெற்றபோது பதினைந்து வயதுப் பையன்.

அந்தக் காலத்தில் மெக்சிகோப் பெயர் என்பது அமெரிக்க வானொலியில் ஒரு சுமை. ரிச்சர்ட் வலென்சுவேலா 1958இல் ரிச்சி வேலன்ஸ் ஆகவேண்டியிருந்தது. மெக்சிகோ வம்சாவளியினரும் இடம்பெற்றிருந்த டெக்சாஸ் குழுவொன்று 1965இல் 'சர் டக்ளஸ் குவின்டெட்' என்று இங்கிலாந்துப் பிரபுவின் தொனியில் பெயர் சூட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பின்னணியில் அந்தக் கேள்விக்குறியை வெறும் விளம்பர உத்தி என்று நாங்கள் வாசிக்கவில்லை. பெயரைத் திருத்தச் சொல்ல யாரும் வருமுன்பே பெயரை எடுத்து ஒளித்துவைத்துவிட்ட ஒருவரின் தற்காப்பு அது. பூமியிலேயே தன்னை அந்நியன் என்கிறவர்களிடம், ஆமாம், வேற்றுக் கிரகத்தவன்தான் என்று சொல்லிவிடுகிற குறும்பும் அதில் இருக்கிறது.

பாட்டு பதிவானது பே சிட்டியின் ஒரு வீட்டில். வெளியிட்டது 'பா-கோ-கோ' என்ற சின்னஞ்சிறு நிறுவனம். அது குழுவின் மேலாளரான லில்லி கொன்சாலெஸ் என்ற பெண்மணியுடையது. உள்ளூர் வானொலியில் தொடங்கி ஃப்ளின்ட், டெட்ராய்ட் என்று நேயர்களின் கோரிக்கையிலேயே பாட்டு பரவிய பிறகுதான் பிலடெல்பியாவின் கேமியோ-பார்க்வே நிறுவனம் அதை வாங்கியது. பெரிய நிறுவனம் கண்டெடுத்த பாட்டல்ல இது. ஊர் கண்டெடுத்த பிறகு நிறுவனம் விலைபேசிய பாட்டு.

கேட்டவர்களுக்குத் தெரியும்: பெரும்பகுதியும் இரண்டே கார்டுகளுக்கிடையில் ஊசலாடுகிறது. ஆர்கன் ஒரே சொற்றொடரைப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்பக் குத்துகிறது. டெக்சாஸ் எல்லைப்புறத்து நடன இசையில் அக்கார்டியன் செய்யும் வேலையை இங்கே அது செய்வதாக எங்கள் செவிக்குப் படுகிறது. அதன்மேல் பாதி பேச்சும் பாதி பாட்டுமாக ஒரு குரல். கைவிடப்பட்டவன் பேசுகிறான், ஆனால் கெஞ்சவில்லை. காலம் புரளும், அப்போது அழுவது நீயாக இருப்பாய் என்று நிதானமாகக் கணக்குச் சொல்கிறான். காதற்பாட்டின் உடையில் வந்த அவமானத்தின் பாட்டு. வயலில் குனிந்தே நின்றவர்களின் பிள்ளைகள் மேல் கீழாவதையும் கீழ் மேலாவதையும் பாடும்போது, அதைக் காதல் தோல்வி என்று மட்டும் கேட்க எங்களால் இயலவில்லை.

இனி வசைக்கு வருவோம். முதலில் நகைப்பவர்கள். இவர்கள் கணக்குப் பிள்ளைகள். ஆனால் கணக்கும் தவறு. அடுத்து வந்த 'ஐ நீட் சம்படி' 22ஆம் இடம்வரை ஏறியது. 1967இல் வெளியிடப்பட்ட 'கான்ட் கெட் இனஃப் ஆஃப் யூ, பேபி' 56ஆம் இடத்தோடு நின்றது. அது குழுவின் சொந்தப் பாட்டன்று. வெளியிலிருந்த தொழில்முறைப் பாடலாசிரியர்கள் எழுதியது. அதே பாட்டை 1998இல் 'ஸ்மாஷ் மவுத்' குழு எடுத்துப் பாடிப் பெரும் பெயர் பெற்றது. '96 டியர்ஸ்' பாடலை 1967லேயே அரீத்தா ஃப்ராங்க்ளின் தன் இசைத்தட்டில் சேர்த்துக்கொண்டார். அதிர்ஷ்டத்தால் விழுந்த சீட்டை அரீத்தா ஃப்ராங்க்ளின் ஏன் எடுத்துப் பாடவேண்டும்?

எனினும் அவர்களுடைய பேருயர்வு குறுகியதாகவே முடிந்தது. ஏன்? திறமை தீர்ந்துவிட்டது என்பார்கள் நகைப்பவர்கள். நடந்ததைப் பார்ப்போம். தொடக்கக் கால உறுப்பினர்களில் இருவரைப் புகழ் வருமுன்பே வியட்நாம் காலத்து ராணுவம் கொண்டுபோயிற்று. புகழ் வந்த மறு ஆண்டே, 1967இல், அவர்களைக் கொண்டிருந்த கேமியோ-பார்க்வே நிறுவனம் தள்ளாடி ஆலன் க்ளைன் என்பவரின் கைக்குப் போயிற்று. 1968இல் அது 'ஏப்கோ' என்று பெயர் மாறியது. புதிய இசைத்தட்டு வெளியிடுவது நின்றது. பழைய பதிவுகளும் பெட்டகத்துக்குள் போயின. அவை முறையாகக் குறுந்தகடாக வெளிவந்தது 2005இல். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! தங்கள் சொந்தக் குரலின் மேலேயே உரிமையற்றுப் போன அந்த மனிதர்கள், 1997இல் தங்கள் பழைய பாடல்களை மறுபடியும் முதலிலிருந்து பாடிப் பதிவு செய்தார்கள். சொந்த வீட்டின் சாவி அயலான் இடுப்பில் இருக்க, தெருவில் அதேபோல் இன்னொரு வீடு கட்டிக்கொண்டவர்களைப் பார்த்து, வீடு நிலைக்கத் தெரியாதவர்கள் என்று சிரிப்பது என்ன நியாயம்?

மறுபதிவு செய்ய முடிந்ததல்லவா, பிறகு என்ன இழப்பு என்று கேட்கலாம். நடுவயதுக்காரர்கள் இளம்பிராயத்தின் வஞ்சினத்தை மறுபடி பாடலாம். பதினைந்து வயதின் விரல்களைத் திரும்ப வாங்க முடியாது. வானொலிக்கும் திரைப்படத்துக்கும் வேண்டியிருப்பதும் 1966இன் அந்த ஒலிதான். அதன் பூட்டு வேறொருவர் வசம்.

இரண்டாம் தரப்பினர் நமக்கு நெருக்கமானவர்கள். இலக்கிய மனம் கொண்டவர்கள். இவர்கள் சிரிப்பதில்லை, பெருமூச்சு விடுகிறார்கள். மின்னலாய்த் தோன்றி மறைந்தவர்கள், மறைந்ததனாலேயே அழகானவர்கள் என்று உருகுகிறார்கள். நகைப்பைவிட இந்த உருக்கம் ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. ஏனெனில் இது கொள்ளையை விதியாக்குகிறது. மின்னலை யாரும் அணைப்பதில்லை. அது தானே அணைகிறது. இந்தக் குழுவோ தானே அணையவில்லை. 1971இல் மேடையில் இருந்தார்கள். 1997இல் பதிவுக்கூடத்தில் இருந்தார்கள். 2007இல் மிச்சிகனில் பாடகரின் வீடு தீக்கிரையாகி, சேர்த்துவைத்திருந்த நினைவுப் பொருட்கள் அழிந்தன. அதன் பிறகும் பாடினார். மறைந்தது அவர்களல்லர், நம் பார்வை. நாம் தலையைத் திருப்பிக்கொண்டுவிட்டு, அவர்கள் மறைந்ததாகக் கவிதை எழுதுகிறோம்.

மூன்றாம் தரப்பு விமர்சகர்கள். 1971 மே மாதம் 'க்ரீம்' இதழில் டேவ் மார்ஷ் இந்தக் குழுவின் நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது 'பங்க் ராக்' என்ற தொடரைக் கையாண்டார். அத்தொடரின் மிகப் பழைய அச்சுச் சான்றுகளில் ஒன்று அது. பிறகு அந்தச் சொல் ஓர் இயக்கமாயிற்று, சந்தையாயிற்று. 1972இல் லென்னி கே தொகுத்த 'நக்கெட்ஸ்' அறுபதுகளின் சிற்றூர்க் குழுக்களுக்கு ஒரு நியதிநூல் போலவே ஆகிவிட்டது. அந்தத் தொகுப்பில் '96 டியர்ஸ்' இல்லை. 2004இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் தலைசிறந்த 500 பாடல்கள் வரிசையில் இடம் கிடைத்தது. அப்போதும் மூலப் பதிவு கடையில் குறுந்தகடாகக் கிடைக்கவில்லை. பட்டியலில் மாலை, பெட்டகத்தில் பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றிக் கேட்கவேண்டிய இடத்தில், 'கரடுமுரடு', 'கற்காதவர்களின் வேகம்' என்று பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே சொற்றொடரைத் திரும்ப வாசிப்பது பண்டிதன் செய்தால் சிக்கனம், கூலிக்காரன் மகன் செய்தால் வெகுளித்தனம் என்பது எந்த அழகியல்?

எங்கள் வாதத்தின் எல்லையையும் சொல்லிவிடவேண்டும். இவர்களின் எல்லாப் பாட்டும் உன்னதம் என்று நாங்கள் கூறவில்லை. 1967இல் வந்த இரண்டாம் தொகுப்பு முதல் தொகுப்பின் அருகில் நிற்காது. வேறு நிறுவனம் வாய்த்திருந்தால் இன்னொரு பீட்டில்ஸ் ஆகியிருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் தோற்பதற்கான வாய்ப்புகூட அவர்களுக்கு முழுதாகத் தரப்படவில்லை. தானாகத் தீர்ந்துபோன கலைஞனுக்கும் தீர்த்துக்கட்டப்பட்ட கலைஞனுக்கும் ஒரே பெயரைச் சூட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

அவ்வாறே, ஒன்றே ஒன்று என்பது இழிவும் அன்று. இதைச் சங்கத் தொகைகளைப் படித்த வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. இயற்பெயர் தொலைந்து, தாம் எழுதிய ஒரு தொடரையே பெயராகக் கொண்டு நிற்கும் புலவர்கள் நம்மிடம் உண்டு. செம்புலப்பெயனீராரை யாராவது ஒற்றைப் பாட்டுக்காரர் என்று எள்ளியதுண்டா? எத்தனை பாடினார் என்று எண்ணாமல், பாடியது நிற்கிறதா என்று மட்டும் பார்த்தோம். ஈராயிரம் ஆண்டுப் பழமைக்குக் காட்டும் அந்த மரியாதையை, பீட்ரூட் வயலிலிருந்து வந்து தன் பெயரைக் கேள்விக்குறியாக்கிக்கொண்ட ஒருவருக்கும் காட்டினால் நம் ரசனை ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்த முறை யாரேனும் அந்தச் சொல்லைச் சொல்லிப் புன்னகைக்கும்போது, ஒன்று மட்டும் கேளுங்கள் நண்பர்களே: அந்தப் பாட்டின் மூலநாடா அதன்பின் யாரிடம் இருந்தது? பதில் தெரியாதவர்கள் சிரிக்க வேண்டாம்.