காற்றையும் கடலையும் பூட்டிய கணக்கு யாருக்கு?

1956 நவம்பர் 23. அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். 2016லோ நேர்மாறு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது. மானாவாரி மக்காச்சோளத்தையும் பருத்தியையும் நம்பிய பெரம்பலூர்க் கரிசல் காட்டில் கூலி வேலைக்கு எங்கே போவது?

இதை முன்கூட்டி அறிய முடியாதா? ஓரளவு முடியும், தோழர்களே. ஜோசியத்தால் அல்ல, கணக்கால்!

காற்றும் கடலும் ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு காளைகள். கடல் சூடானால் காற்றின் போக்கு மாறும். காற்று வீசும் திசையால் கடலின் சூடு இடம் மாறும். காற்று நாளுக்கு நாள் மாறுவது. கடலோ மாதக்கணக்கில் மெதுவாக நகர்வது. எங்கோ பசிபிக் கடல் சூடேறினால் நம் ஐப்பசி மழை மாறுகிறது. ஒரு காளையை மட்டும் பார்த்து வண்டி போகும் வழியைச் சொல்ல முடியுமா? இரண்டையும் சேர்த்துப் பூட்டிய கணித மாதிரியை 1969ல் அமெரிக்காவில் மனாபேயும் பிரையனும் வெளியிட்டார்கள். மனாபேவுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் 2012ல் மத்திய சர்க்கார் பருவமழைத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்க மாதிரி ஒன்றை எடுத்து, புனே வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் நம் பருவமழைக்கேற்பத் திருத்தினார்கள். 2024ல் ‘அர்கா’ என்ற ராட்சதக் கம்ப்யூட்டரும் அங்கே வந்தது. எல்லாம் மக்கள் வரிப்பணம். நல்ல செலவுதான், விஞ்ஞானிகளை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 38 கிலோமீட்டர். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடக்கூடும். ஐப்பசி மழைக்கான முன்னறிவிப்போ ஆந்திரக் கடற்கரை முதல் கேரளம் வரை ஐந்து வட்டாரங்களுக்கும் சேர்த்து ஒன்றாக வருகிறது. செந்துறைக் கூலிக்காரர் அதை வைத்து என்ன செய்வார்?

ஆலைத் தொழிலாளிக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். காடு காய்ந்தால் கிராமத்துத் தம்பி ஆலை வாசலில் வந்து நிற்பான். உங்கள் கூலியைக் குறைக்க முதலாளிக்கு அது போதும். அரியலூர் சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக் கல்லே ஒரு காலத்தில் இங்கிருந்த கடலின் அடிமண்தான். கடல் நமக்கு அந்நியமல்ல.

2016ல் பொய்த்த மழைக்கு 2017 ஜனவரியில்தான் மாநில சர்க்கார் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களென அறிவித்தது. அதுவரை அடுப்பு எப்படி எரியும்? மழை குறையும் என்று கணக்கு காட்டினால், ஐப்பசியிலேயே ஏரி வேலைகளைத் திறந்து கூலி கொடுக்க வேண்டும். வெள்ளம் என்று காட்டினால், மருதையாற்றுக் கரைகளை முன்பே பலப்படுத்த வேண்டும். முன்னறிவிப்பை வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் தமிழில் எழுதிப் போட வேண்டும்.