நுரை பொங்கும் தென்பெண்ணை: மக்கும் சோப்பு போதுமா?



ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து வரும் தண்ணீரில் மலைபோல் வெள்ளை நுரை மிதக்கும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபர் மழையில் அந்த நுரை சாலையையே மூடிவிட்டது. "பனி மாதிரி அழகா இருக்கே தாத்தா!" என்றான் என் பேரன். அழகுதான். ஆனால் அது அழுக்கின் அழகு!

தென்பெண்ணை, கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஓடி கடலூர் அருகே கடலில் கலக்கிறது. வழியில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவுநீரும் வழிந்து இதில் கலக்கிறது. நுரைக்கு முக்கியக் காரணம், அதிலுள்ள சலவைத்தூள் ரசாயனம்.

"மக்கும் பொருளில் சோப்பு செய்தால் போதாதா?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி!

தேங்காய் எண்ணெய், பாமாயில் எல்லாம் கொழுப்பு அமில எஸ்டர்கள். கொழுப்பு அமிலமும் கிளிசரினும் கைகோத்து நிற்பதுதான் எஸ்டர். தண்ணீரிலுள்ள பாக்டீரியாக்கள் முதலில் அந்தக் கைகளைப் பிரிக்கும். பிறகு, மணிமாலை போன்ற கார்பன் சங்கிலியை இரண்டிரண்டு மணிகளாக வெட்டித் தின்னும். 16 மணி உள்ள மாலையை 7 முறை வெட்டினால் 8 துண்டு! மாலையில் முள்செடி போலக் கிளைகள் இருந்தால் பாக்டீரியா திணறிப்போகும். 1950களில் ஜெர்மனி, இங்கிலாந்து ஆறுகளில் நுரை பொங்கியது இதனால்தான். ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது. கிளையில்லாத ரசாயனத்துக்கு மாறியதும் நுரை அடங்கியது.

ஒரு பொருள் எளிதில் மக்குமா என்று எப்படிச் சோதிப்பது? பாட்டிலில் தண்ணீர் எடுத்து, அந்தப் பொருளையும் கொஞ்சம் பாக்டீரியாவையும் போட்டு, 28 நாள் வைப்பார்கள். வேறு உணவு கிடையாது. பொருள் முழுவதும் மக்கத் தேவையான ஆக்ஸிஜனில் 60 சதவீதமாவது செலவாகியிருந்தால், பொருள் 'பாஸ்'! மக்கத் தொடங்கிய 10 நாளுக்குள் அந்த அளவைத் தொடவேண்டும் என்றும் விதி உண்டு. எண்ணெய் எஸ்டர்கள் பெரும்பாலும் பாஸ் செய்துவிடும்.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிராம் எஸ்டர் முழுதும் மக்க சுமார் 2.9 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இருப்பதோ சுமார் 8 மில்லிகிராம்தான். அதாவது 1 கிராம், சுமார் 360 லிட்டர் தண்ணீரின் ஆக்ஸிஜனைக் காலி செய்யும்! அப்புறம் மீன் எப்படி மூச்சு விடும்?

இன்னொன்று. இன்றைய சலவைத்தூளும் கிளையில்லாத வகைதான். ஆனால் அது மக்க ஆக்ஸிஜன் தேவை. பெல்லந்தூர் ஏரியின் சேற்றில் அது இல்லை. அதனால் ரசாயனம் சேற்றில் தங்கி, கனமழை கலக்கும்போது நுரையாக எழுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் கண்டறிந்துள்ளனர். பரிசோதனைப் பாட்டில் வேறு, சாக்கடை ஏரி வேறு!

ஆகவே மக்கும் சோப்பு நல்லதுதான். அது மட்டும் போதாது. கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே ஏரியில் விட வேண்டும். பெல்லந்தூர் ஏரியைக் காக்கத் தவறியதற்காக 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆறு எல்லைக்கோடு பார்த்து ஓடுவதில்லை. மேலே இருப்பவர் செய்வதைக் கீழே இருப்பவர் அனுபவிக்கிறார். நமக்கும் கீழே திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மக்கள் இருக்கிறார்களே!

இன்றே ஒன்று செய்யுங்கள். எண்ணெய் ஒட்டிய தட்டைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஒரு கிராம் குறைந்தால் எத்தனை லிட்டர் தப்பும்? விடை மேலேயே இருக்கிறது!