கையொப்பமிடும் கேமராவும் கையொப்பமில்லாத சாட்சியும்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ராய் மாநாட்டு மையத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் 15 வரை ஐபிசி எனப்படும் பன்னாட்டு ஒளிபரப்புத் தொழில் கண்காட்சி நடைபெற்றது. 1967இல் இலண்டனில் தொடங்கிய இக்காட்சி 1992 முதல் ஆம்ஸ்டர்டாமில் கூடிவருகிறது. ஏப்ரல் மாதங்களில் லாஸ் வேகாஸில் நடக்கும் என்ஏபி காட்சிக்கு அடுத்தபடியாக, ஒளிபரப்புத் துறையும் திரைப்படத் துறையும் எதிர்நோக்கும் சந்தை இதுவே. கேமரா, லென்ஸ், ஒலிவாங்கி, படத்தொகுப்பு மென்பொருள் என யாவும் அங்கே காட்சிக்கு வருகின்றன. இவ்வாண்டு 43,000-க்கும் மேற்பட்டோர் வந்துசென்றனர்.

இத்தகைய காட்சிகள் பற்றிய செய்திகளை நாம் வழக்கமாகக் கடந்து சென்றுவிடுகிறோம். அவை வணிகர்களுக்கும் ஒளிப்பதிவாளர்களுக்கும் உரியவை என்பது நம் எண்ணம். இவ்வாண்டு அப்படிக் கடந்து செல்வது சரியன்று. ஏனெனில் அங்கே முன்னிறுத்தப்பட்ட ஒரு கருவி, படம் பிடிக்கும் திறனுக்காக மட்டும் விற்கப்படவில்லை. 'இப்படம் மெய்யானது' என்று உறுதிகூறும் அதிகாரமும் அதனுடன் சேர்ந்து விற்பனைக்கு வந்திருக்கிறது. காணொளி ஒன்றை மட்டுமே நம்பி நீதிமன்றத்தின் படியேறும் எளிய மக்களுக்கு இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலிவாகிவந்த கேமரா

முதலில், கடந்த இருபது ஆண்டுகளில் இக்கண்காட்சிகள் நமக்குத் தந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். திரைப்படத் தரத்தில் படமெடுக்கும் கருவி ஒரு காலத்தில் பெரும் படநிறுவனங்களின் வாடகைக் கிடங்குகளில் மட்டுமே இருந்தது. அமெரிக்காவின் ரெட் நிறுவனம் 2007இல் 'ரெட் ஒன்' கேமராவின் உடற்பகுதியை மட்டும் 17,500 டாலருக்கு விற்றபோது, அதுவே பெரும் விலைக்குறைப்பாகக் கொண்டாடப்பட்டது. 2012 என்ஏபி காட்சியில் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2,995 டாலருக்கு ஒரு சினிமா கேமராவை அறிவித்தது. 2018இல் அதே நிறுவனத்தின் கையடக்க 4கே கேமரா 1,295 டாலருக்கு வந்தது. இவ்வாண்டு ஐபிசி தொடங்குவதற்கு இரு நாட்கள் முன்பு நிக்கான் நிறுவனம் 'இசட்ஆர்' என்னும் சிறிய சினிமா கேமராவை ஏறத்தாழ 2,200 டாலர் விலையில் அறிவித்தது. ரெட் நிறுவனத்தின் பதிவு முறையே அதனுள் இருக்கிறது. 2022இல் தன்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்த ரெட் நிறுவனத்தை 2024இல் நிக்கான் விலைக்கே வாங்கிவிட்டது.

இவ்விலைச் சரிவால் பயனடைந்தவர்கள் பலர். படநிறுவனங்களின் வாசலில் காத்துக்கிடக்காமல் ஆவணப்படம் எடுக்க முடிந்தது. ஊருக்குள் நடப்பதை ஊருக்குள் இருப்பவர்களே பதிவு செய்ய முடிந்தது. அதைவிடவும் பெரிய மாற்றம் கைபேசியால் நிகழ்ந்தது. கண்ணால் கண்டவர் எவரும் இன்று ஒளிப்பதிவாளரே. ஆகவே 'கேமரா யாரிடம் இருக்கிறது' என்னும் பழைய வினாவின் கூர்மை மழுங்கிவிட்டது. அதன் இடத்தில் இப்போது வேறொரு வினா எழுகிறது: எடுத்த படத்தை நம்ப வைக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறது?

புதிய கருவி செய்வது என்ன?

சோனியின் பிஎக்ஸ்டபிள்யூ-இசட்300, செய்தியாளர்கள் கையில் ஏந்திப் படமெடுக்கும் காணொளிக் கேமரா. 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. காணொளிக் கோப்பிலேயே சி2பிஏ முறைப்படி டிஜிட்டல் கையொப்பம் பதிக்கும் முதல் கேம்கார்டர் என்பது அதற்குக் கூறப்படும் சிறப்பு.

சி2பிஏ என்பது 2021இல் அடோபி, ஆர்ம், பிபிசி, இன்டெல், மைக்ரோசாஃப்ட், ட்ரூபிக் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு. அது வகுத்த முறை எளிமையானது. கேமராவின் உட்புறத்தில், வெளியே எடுக்க முடியாதபடி ஓர் இரகசியத் திறவுகோல் வைக்கப்படுகிறது. படம் பதிவாகும்போது அக்கோப்பின் 'ஹாஷ் மதிப்பு' கணக்கிடப்படுகிறது. இதனைக் கோப்பின் கைரேகை எனலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். அந்த மதிப்பின்மீது கேமரா தன் திறவுகோலால் கையொப்பமிடுகிறது. பின்னர் அதைச் சரிபார்ப்பவர், இன்ன கேமராவில் பதிவானது, அதன்பின் திருத்தப்படவில்லை என்று அறியலாம். முறையாகத் திருத்தியிருந்தால், திருத்திய விவரமும் தொடர்ச்சியாகப் பதிவாகும்.

இம்முறை நிழற்படத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. 2023 அக்டோபரில் லைகா எம்11-பி முதலாவதாக வந்தது. கூகுளின் பிக்சல் 10 கைபேசி 2025 ஆகஸ்டில் வந்தபோது, அதன் கேமரா எடுக்கும் நிழற்படங்கள் அனைத்திலும் இம்முத்திரை இருந்தது. செயற்கை நுண்ணறிவு நொடியில் பொய்க் காட்சிகளைப் படைத்துத் தரும் காலத்தில் இத்தகைய ஏற்பாடு தேவையே. ஒடுக்கப்பட்டோர்மீது நடந்த தாக்குதலின் காணொளியை 'கணினியில் செய்தது' என்று தள்ளிவிடுவது இனி எவருக்கும் எளிது. அந்த வாதத்தை முறிக்கும் கருவி நம் பக்கத்துக்கும் வேண்டும். இதில் நமக்கு ஐயமில்லை.

கையொப்பம் உண்மையாகிவிடாது

ஆனால் கையொப்பம் எதை மெய்ப்பிக்கிறது, எதை மெய்ப்பிக்கவில்லை என்பதில் தெளிவு வேண்டும். கோப்பு எங்கே பிறந்தது, பிறகு மாறியதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. கேமராவின் முன் நிகழ்ந்தது நாடகமா நிகழ்வா என்பது அதற்குத் தெரியாது. கணினித் திரையில் ஓடும் பொய்ப் படத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பினால், அதற்கும் முறையான கையொப்பம் விழும். இதைத் தடுக்கவே சோனி தன் கேமராக்கள் சிலவற்றில் பொருளின் தொலைவையும் ஆழத்தையும் அளந்து பதியும் வசதியைச் சேர்த்திருக்கிறது. அளவு கடந்த நம்பிக்கை கூடாது என்பதைத் தயாரிப்பாளர்களே உணர்ந்துள்ளனர் என்பதற்கு இதுவே சான்று.

ஐபிசி நடந்த அதே செப்டம்பரில் நிக்கான் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதைவிடத் தெளிவான பாடம். இசட்6-III கேமராவில் சி2பிஏ வசதியை ஆகஸ்ட் இறுதியில்தான் அந்நிறுவனம் சேர்த்திருந்தது. சில நாட்களுக்குள் பயனர் ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஒன்றின்மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, கையொப்பமில்லாத வேறு கேமராவின் படத்தை உள்ளே கொடுத்தால், இக்கேமரா அதனைத் தன் படமாகக் கருதிக் கையொப்பமிட்டது. நிக்கான் அச்சேவையை நிறுத்தி, அதுவரை வழங்கிய சான்றிதழ்களை இரத்துச் செய்தது. தவற்றை மறைக்காதது பாராட்டுக்குரியதே. ஆயினும் நீதிமன்றம் ஒன்று அச்சான்றிதழ்களை நம்பி ஒருவரைத் தண்டித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெய்யான படமே நீதியைப் பெற்றுத் தராது என்பதற்கு வரலாறும் உண்டு. 1991 மார்ச் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்ததை, ஜார்ஜ் ஹாலிடே என்பவர் தம் வீட்டு மாடத்திலிருந்து சோனி ஹேண்டிகேமில் பதிவு செய்தார். அப்படம் பொய்யென்று எவரும் சொல்லவில்லை. ஆனால் காவலர் தரப்பு வழக்கறிஞர்கள் அதனை மெதுவாக, ஒவ்வொரு சட்டகமாக ஓட்டிக்காட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று அந்த மாகாண நீதிமன்ற ஜூரி நால்வரில் எவரையும் குற்றவாளி எனத் தீர்மானிக்கவில்லை. படத்தை நம்புவது வேறு, படத்தில் அடிபடுபவரை நம்புவது வேறு. முன்னதற்குத்தான் இப்போது கருவி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம் சான்றுச் சட்டத்தில் இதன் விளைவு

இனி நம் நீதிமன்றங்களுக்கு வருவோம். மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க, பழைய சான்றுச் சட்டத்தின் 65பி பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்று 2014இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கு அதனை உறுதி செய்தது. பதிவு செய்த மூலக் கருவியையே உரியவர் நீதிமன்றத்தில் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. நகல் என்றால் கட்டாயம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்றது. சான்றிதழ் இப்போது இரு பகுதிகளாக உள்ளது. ஒன்றைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், மற்றொன்றை வல்லுநரும் தர வேண்டும். ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். இந்த வல்லுநரைத் தேடி அலைவதே எளிய மனிதருக்குப் பெரும்பாடு.

அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கின் பின்னணி நம் விவாதத்துக்கு மிகவும் பொருந்துவது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் வேட்புமனு காலங்கடந்து பெறப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அதைக் காட்டும் காணொளி தேர்தல் அலுவலகத்தின் கேமராவிலேயே இருந்தது. மனுதாரர் பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. கேட்டும் மறுக்கப்பட்டால் நீதிமன்றமே அதை வரவழைக்க ஆணையிடலாம் என்றும், இயலாததைச் செய்யும்படி சட்டம் எவரையும் வற்புறுத்தாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. கேமராவும் சான்றிதழும் அரசின் கையில் இருந்தால் குடிமக்கள் நிலை என்னவாகும் என்பதை இவ்வழக்கு காட்டியது.

அரசின் கேமராக்கள் இப்போது பெருகவிருக்கின்றன. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, அச்சட்டத்தின் கீழான குற்றங்கள் குறித்த நடவடிக்கைகள் யாவும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. நாளை காவல்துறை கையொப்பமிடும் கேமராக்களை வாங்கும். நம் சான்றுச் சட்டத்தில், 'பாதுகாப்பான மின்னணு ஆவணம்' என்னும் தகுதி பெற்ற பதிவு, மறுப்பு மெய்ப்பிக்கப்படும் வரை, திருத்தப்படாதது என்றே ஊகிக்கப்படும். கேமரா நிறுவனத்தின் கையொப்பம் இன்று தானாக அத்தகுதியைப் பெற்றுவிடாது. விதிகளைத் திருத்தி அதனை உள்ளே கொண்டுவருவது அரிதுமன்று.

அப்போது ஒரே நிகழ்வுக்கு இரு காணொளிகள் நீதிமன்றத்துக்கு வரும். ஒன்று கையொப்பமிட்ட காவல்துறைப் பதிவு. மற்றொன்று சேரித் தெருவில் நின்ற இளைஞர் பழைய கைபேசியில் எடுத்து, அஞ்சி, வாட்ஸ்அப்பில் நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு, பிறகு கைபேசியையே பறிகொடுத்த பதிவு. வாட்ஸ்அப் வழியே செல்லும் காணொளி சுருக்கப்படுகிறது. அதன் உள் விவரங்கள் அழிந்துபோகின்றன. கையொப்பம் இருந்திருந்தாலும் அது அங்கேயே அறுந்திருக்கும். முத்திரையுள்ள கைபேசியின் விலையோ 2025இல் நம் நாட்டில் ஏறத்தாழ 80,000 ரூபாயாக இருந்தது. சோனியும் தன் கேமராக்களின் கையொப்ப வசதியைத் தேர்ந்தெடுத்த செய்தி நிறுவனங்களுக்கே முதலில் வழங்கியது. 'கையொப்பமுள்ளது மெய்' என்னும் வழக்கம், சொல்லாமலேயே 'கையொப்பமில்லாதது பொய்' என்று மாறிவிடும். பத்திரம் இல்லாததால் உழுத நிலத்தை இழந்தவர்களுக்கு இந்தத் தர்க்கத்தை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிரான இடரும் உண்டு. எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்னும் விவரங்கள் கோப்புடன் பிணைந்து சென்றால், சாட்சியை வேட்டையாடுபவருக்கு அதுவே முகவரி. காணொளி வழியே மனித உரிமைப் பணியாற்றும் விட்னஸ் அமைப்பு, இந்த அச்சத்தை இக்கூட்டமைப்புக்குள்ளேயே தொடர்ந்து எழுப்பி வந்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே கருவியை எதிர்ப்பது நம் வேலையன்று. அது சட்டத்துக்குள் நுழையும்போது என்ன நிபந்தனைகளோடு நுழைகிறது என்பதில் நம் கவனம் இருக்க வேண்டும். கையொப்பம் இல்லை என்பதால் மட்டும் ஒரு பதிவுக்கு எதிராக ஊகம் கொள்ளக் கூடாது என்பதைச் சட்டமோ உயர் நீதிமன்றங்களோ வெளிப்படையாகக் கூற வேண்டும். காவல்துறையின் கையொப்பமிட்ட பதிவில் எந்த நேரத்தில் கேமரா நிறுத்தப்பட்டது என்பதும் விசாரணைக்கு உட்பட வேண்டும். கையொப்பம் அந்த இடைவெளியை நிரப்பாது. எடுத்தவரின் அடையாளம் கோப்பில் இடம்பெறுவது அவருடைய விருப்பமாகவே இருக்க வேண்டும். 63ஆம் பிரிவுக்கான வல்லுநர் சான்றிதழைச் சட்ட உதவி ஆணையங்கள் இலவசமாகப் பெற்றுத்தர வேண்டும்.

களத்தில் இருப்போர் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்த கைபேசியையும் மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் காணொளியாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், கோப்பு சுருங்காது. ஹாஷ் மதிப்பைக் கணக்கிடும் இலவச மென்பொருட்கள் உள்ளன. அன்றே கணக்கிட்டு, தேதியோடு வழக்கறிஞருக்கு அனுப்பிவையுங்கள். கல்லூரி மாணவர்கள் இதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டு தம் ஊரில் பத்துப் பேருக்குக் கற்பிக்கலாம்.

ஆம்ஸ்டர்டாமில் விற்பனைக்கு வந்த கேமரா அடுத்த சில ஆண்டுகளில் நம் காவல் நிலையங்களுக்கும் வந்துசேரும். அது வருவதற்கு முன்னரே, அதன் முத்திரைக்கு எவ்வளவு எடை, முத்திரையில்லாத சாட்சிக்கு எவ்வளவு எடை என்பதை நாம் வாதிட்டு நிலைநாட்டியாக வேண்டும். பிறகு வாதிடுவது கடினம்.