கட்டிலடியில் கிடக்கும் புத்தகக் கட்டுகள்



தம் நூலைத் தாமே அச்சிட்டு வெளியிடும் ஆசிரியரும், ஓய்வுபெற்ற அலுவலரும், உபதேசியாரும் இன்று பல பங்குகளில் உளர். வெளியீட்டு விழாவன்று மாலைக்கும் சால்வைக்கும் குறைவிராது. மறுநாள் காலையிலோ, எஞ்சிய புத்தகக் கட்டுகள் கட்டிலடியிலும் அரிசி மூட்டைக்கு அருகிலும் அடுக்கப்படும். அன்றுமுதல் அவையும் வீட்டாருள் ஒருவரைப்போல இடமும் காலமும் பணமும் கேட்கத் தொடங்கும். எழுதுவது ஒருவர் பணி. விற்பதோ எப்படியோ வீடு முழுவதன் பணியாகிவிடுகிறது. அவ்வீட்டாரைப் பற்றியே இத்திங்கள் சிந்திக்க விழைகிறோம்.

இத்துன்பம் புதியதன்று. நம் கடலூரோடு ஒருவகையிலும் சிதம்பரத்தோடு வேறொருவகையிலும் தொடர்புடைய பெரியோர் இருவர் இதனை அனுபவித்தே அறிந்திருந்தனர்.

பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பரில் ஆங்கில எல்லைக்குள் வந்தபோது கைதாகி, கடலூரில் மூன்று வாரத்திற்கு மேல் சிறையிருந்தார். டிசம்பர் 14 அன்று விடுதலை பெற்று, மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்திற்குச் சென்றார். 1920-இல் நண்பர்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது அவர் திட்டம். செலவுக்குப் பணத்தைக் கடனாகக் கேட்டார். வட்டியும் தருவதாகச் சொன்னார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோல் தம் நூல்கள் எளிதில் விற்குமென்று நம்பினார். நான்கு லட்சம் படிகள்! அந்த நம்பிக்கையைப் பிதற்றல் என்று எவரும் இன்று சொல்லத் துணியார். ஆனால் அவர் வாழ்நாளில் அத்திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

அதன்பின் அச்சுமை யார் தோளில் ஏறிற்று? செல்லம்மாளின் தோளில்தான். சென்னையில் 'பாரதி ஆசிரமம்' என்ற பெயரில் 1922-இல் 'சுதேச கீதங்கள்' நூலை அந்த அம்மையார் வெளியிட்டார். அச்சகத்தாரோடும் கடைக்காரரோடும் கணக்குப் பேச வேண்டிய நிலைமை, இரு பெண்மக்களின் தாயாகிய ஒரு கைம்பெண்ணுக்கு நேர்ந்தது. பதிப்புரிமையும் நாளடைவில் அவர் கையைவிட்டு நீங்கிற்று. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி நூல்களின் உரிமையை ஏற்றபோது, அவருக்கும் இரு மகளிருக்கும் தலா 5,000 ரூபாய் கிடைத்தது. கவியரசரின் பெருங்கனவைப் பற்றிப் பேசுவோர் பலர். எனக்கோ, விற்பனைக் கணக்கோடு அமர்ந்திருக்கும் அந்த அம்மையாரின் உருவமே முதலில் மனக்கண்முன் தோன்றுகிறது.

மற்றவர் உ. வே. சாமிநாதையர். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். ஆயினும் நூல் விற்கும் வேலையை அவர் கற்றது அதற்கு நெடுநாள் முன்னர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நூலாசிரியர் அல்லர், பதிப்பாசிரியரே. எனினும் அச்சுக்கூலிக்கும் காகித விலைக்கும் வழிதேடும் பொறுப்பு அவருடையதே. கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சு வேலையைக் கவனித்தார். வயது முதிர்ந்த பெற்றோர் இருந்த வீட்டுக்கு அவ்விடுமுறைகள் கிட்டாமற்போயின என்பதைத் தமிழுலகம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

ஆனால் அவர் ஒன்றில் விழிப்பாயிருந்தார். அக்காலத்தில் 'கையொப்பம்' என்று ஒரு முறை உண்டு. நூல் வெளிவந்ததும் இத்தனை படிகள் பெற்றுக்கொள்வோம் என்று அன்பர்களிடம் முன்னதாகவே கையெழுத்து வாங்குவது அது. வாங்குவோர் யாரென்று தெரிந்துகொண்ட பின்னரே அச்சுக்கூடத்தின் படியேறினர். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று நம் ஆண்டவர் உரைத்த உவமைக்கு (லூக்கா 14) இதைவிடப் பொருத்தமான செயல் எது?

(நம் கத்தோலிக்கப் பெருமகனாரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாக உத்தியோகம் பார்த்தவர், 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' விற்றுத்தான் அவர் வீட்டில் உலை ஏற வேண்டுமென்பதில்லை. அத்தகைய வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.)

இன்று கையொப்ப முறை மறைந்துவிட்டது; அதன் அறிவு மறைய வேண்டியதில்லை. ஈயத்தால் எழுத்துக் கோத்த காலத்தில், கோத்ததன் கூலியை ஈடுகட்ட ஆயிரம் படிகளேனும் அச்சிட நேர்ந்தது. இன்றைய அச்சு இயந்திரங்களில் ஐம்பது படிகளும் அச்சிடலாம். முதலில் ஐம்பது, அவை விற்றபின் மேலும் ஐம்பது. கடைகள் விலையில் ஒரு பகுதியைக் கழிவாக எடுத்துக்கொள்ளும்; நூலக ஆணையோ வரும்போதுதான் வரும். அதை நம்பி மளிகைக் கடையில் கடன் சொல்லலாகாது.

பணத்தைவிடப் பெரிய வழக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையின் அனுமதியோடு ஆலய வாசலில் மேசை போட்டு விற்பது நல்ல வழியே. ஆனால் இந்த வாரம் கடலூர் முதுநகர், அடுத்த வாரம் சிதம்பரம், அதற்கடுத்து எங்கேனும் ஓர் ஆலயத் திருவிழா என்று ஆண்டு முழுவதும் தந்தை அலைந்தால், பிள்ளைகள் அவரோடு உணவருந்தும் நாள் எது? மாதத்தில் ஒரு ஞாயிறு என்று வரையறுத்து, எந்த ஞாயிறு என்பதை மனைவி மக்களோடு அமர்ந்து முடிவு செய்தல் வேண்டும். எழுதுபவர் மனைவியாயின் கணவரும் அவ்வாறே மேசைக்கருகில் நிற்கட்டும். பெண்கள் எழுதிய நூல்களுக்கு வீட்டில் கிடைக்கும் உதவி பெரும்பாலும் வாழ்த்தோடு நின்றுவிடுகிறது.

நகையை அடகு வைத்து அச்சகத்திற்கு முன்பணம் கட்ட எண்ணுவோர், 'வேண்டாம்' என்று மறுக்கும் உரிமையையும் கொடுத்தே மனைவியைக் கேட்க வேண்டும். உறவினர் யாருக்கு இனாமாகக் கொடுத்தோம், யாரிடம் பணம் வர வேண்டும் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது இருவர் கண்ணிலும் படும்படி வைக்கலாம்.

இரண்டாண்டு கழித்தும் விற்காத படிகளைப் பங்கு நூலகத்திற்கும் அருகிலுள்ள பள்ளிகளுக்கும் கொடுத்துவிடலாம். கரையான் அரிப்பதினும் அது நன்று. எந்தப் பள்ளிக்கு என்பதை மட்டும் பிள்ளைகளே சொல்லட்டும்.