உயர்ந்த தேநீர் எது?

நம் தமிழ் மாணவர் மன்றத்தின் பிரிவுபசாரத் தேநீர் விருந்தை, இவ்வாண்டு பெங்களூர் நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றில் 'ஹை டீ'யாக நடத்தலாம் என்று ஒரு யோசனை எழுந்துள்ளது. மாணவர் விடுதி எங்கும் இப்போது இதே பேச்சு. வேண்டும் என்போர் பலர். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வோர் மிகச் சிலர். அச்சிலருள் நானும் ஒருவன். காரணத்தை நண்பர்கள் முன் வைப்பது என் கடமை.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'ஹை' என்றதும் உயர்குடியினரின் தேநீர் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அதுவன்று. 1840ஆம் ஆண்டையொட்டி, பெட்போர்டு சீமாட்டி அன்னா என்பவர் பகலுணவுக்கும் இரவு விருந்துக்கும் இடையே பசி தாங்காமல் தேநீரும் ரொட்டியும் வரவழைத்து உண்டார் என்றும், அதுவே மாலைத் தேநீர் வழக்கமாயிற்று என்றும் சொல்வார்கள். அடுக்குத் தட்டு, சிறு சாண்ட்விச், கேக்கு, மெல்லிய பீங்கான் கோப்பை எல்லாம் அந்த மாலைத் தேநீரைச் சேர்ந்தவை. 'ஹை டீ'யோ, சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்துக் களைத்து வீடு திரும்பிய இங்கிலாந்துத் தொழிலாளி இறைச்சியும் ரொட்டியும் சூடான தேநீருமாக வயிறார உண்ட அந்திச் சாப்பாடு. சீமாட்டி தாழ்ந்த சிறு மேசையருகே சாய்ந்திருந்து அருந்தினாள். உழைப்பாளி உயரமான சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உண்டான். அந்த மேசையின் உயரமே 'ஹை' என்ற சொல்லுக்குக் காரணம் என்பர். நம் ஓட்டல்காரர்கள் சீமாட்டியின் தட்டுக்கு உழைப்பாளியின் பெயரைச் சூட்டிப் பெரிய விலையும் வைத்துவிட்டார்கள்!

சரி, பெயர் போகட்டும், பொருளாவது வேறா? விஞ்ஞான மாணவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓட்டல் தேநீரும் தெருக்கடைத் தேநீரும் கமேலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் இலையிலிருந்து வருபவையே. இலையை நசுக்கியதும் அதிலுள்ள பாலிபீனால்கள் நொதியின் துணையால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தரும் பொருள்களாக மாறுகின்றன. பெரிய இலையில் மணம் நயமாயிருக்கும். தூளில் நிறமும் சாரமும் விரைந்து இறங்கும். பால் சேர்த்தால் அதிலுள்ள கேசீன் துவர்ப்பைத் தணிக்கும். வேறுபாடு இவ்வளவே. கோப்பையின் விலை ஏறியதால் இரசாயனம் மாறிவிடாது.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி கோப்பைக்குள் இருப்பதைப் பற்றியதன்று. மேசையைச் சுற்றி யார் உட்கார முடியும் என்பதைப் பற்றியது.

தேநீர் நம் முன்னோர் அறிந்த பானமன்று. கர்சன் பிரபு காலத்தில், 1903இல், ஏற்றுமதித் தேயிலைக்கு வரி விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு நம் மக்களுக்குத் தேநீர் குடிக்கப் பழக்கினார்கள். ஆலை வாயிலிலும் ரயில் நிலையத்திலும் கடைகள் எழுந்தன. மக்கள் தேநீருக்குப் பழகினார்கள். ஆனால், ஒன்றாய் உட்காரப் பழகினார்களா? ரயில் நிலையத்தில் இந்துத் தேநீர் வேறு, முஸ்லிம் தேநீர் வேறு என்று விற்ற காலம் உண்டு. கிராமக் கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையும் உண்டு. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவும் 17ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகும், இரட்டைக் குவளையை ஒழிக்கப் பல ஊர்களில் போராட வேண்டியிருந்தது. எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் அருந்துவது தானாய் வந்த வழக்கமன்று. போராடிப் பெற்ற உரிமை.

நான் வளர்ந்தது சித்தூர் மாவட்டத்து இராமகுப்பத்தில். ஆந்திரமும் தமிழகமும் கருநாடகமும் கூடும் மூலை அது. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அங்கே தேநீர்க் கடையில் ஒருவர் தெலுங்கில் கேட்பார், மற்றவர் தமிழில் விடை சொல்வார், மூன்றாமவர் கன்னடத்தில் சிரிப்பார். தக்காளி விலை, பட்டுக்கூட்டின் விலை, இரவில் யானை இறங்கிய வயல் எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் பேசப்படும். வந்தேறிகள் என்று எங்களை எவரும் தள்ளி உட்காரச் சொன்னதில்லை. பக்கத்துக் குப்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறி இந்த நகரத்துக்குக் கூலி வேலைக்கு வருகிறார்கள். இங்குள்ள மாளிகைகளை எழுப்பிய கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு. அவற்றின் தேநீர்க் கூடத்தில் அவர்களுக்கு இடம் உண்டா?

தேயிலையைப் பறித்த கைகளையும் நாம் மறக்கலாகாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அந்த மலைகளைத் தோட்டமாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற நம் ஏழை மக்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. அங்கே நாட்கூலி ஆயிரம் இலங்கை ரூபாய் என்று 2021இல் வரையறுக்கப்படுவதற்கே பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. கொழும்பு நகரத்துப் பெரிய ஓட்டலில் ஒருவர் ஒரு மாலை 'ஹை டீ' அருந்த அந்தக் கூலி போதாது.

நண்பர்கள் சொல்லும் வாதங்களையும் நான் அறிவேன். "நாளை பெரிய இடங்களில் பழக வேண்டாமா? நாகரிகம் கற்க வேண்டாமா?" என்கிறார்கள். கற்கலாம். கத்தியும் முள்கரண்டியும் பிடிப்பது அரை மணி நேரப் பாடம். அருகில் இருப்பவனின் சட்டைப் பை காலியென்று அறிந்து, அவன் மனம் நோகாமல் நடப்பது அதைவிடப் பெரிய நாகரிகம். "ஆண்டுக்கு ஒரு நாள்தானே!" என்கிறார்கள். அந்த ஒரு நாளின் சந்தா, நம்மில் சிலருக்கு அரை மாதச் சாப்பாட்டுப் பணம். அவர்கள் "பணமில்லை" என்று சொல்ல மாட்டார்கள். "தலைவலி" என்பார்கள், "ஊருக்குப் போகிறேன்" என்பார்கள். மன்றம் பிரியாவிடை கூறும் நாளில், பிரியப் போகும் நண்பன் அறையில் விளக்கணைத்துப் படுத்திருப்பான். சாதி வைத்த தனிக் குவளையும் இதுவும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். அந்தக் கொடுமைக்கு ஈடில்லை. ஆனால், ஒருவனை வெளியே நிறுத்துவதற்குப் பணமும் போதும் என்பதை நாம் உணர வேண்டும்.

ஓட்டலுக்குப் போவதே குற்றம் என்பதன்று என் கட்சி. விரும்புவோர் தம் பணத்தில், தம் நண்பர்களோடு போகட்டும், சுவைத்து மகிழட்டும். ஆனால், மன்றம் எல்லாருக்கும் உரியது. அதன் விருந்து எல்லாரும் வரக்கூடிய விருந்தாயிருக்க வேண்டும்.

என் யோசனை இது. நம் மாணவர் விடுதிக் கூடத்திலேயே விருந்தை வைப்போம். நல்ல தேயிலை வாங்கி நாமே தேநீர் காய்ச்சுவோம். சுண்டலும் வடையும் போதும். நமக்கு ஆண்டு முழுவதும் சமைத்துப் போட்ட அண்ணன்மாரையும், கூடத்தைப் பெருக்கிய அக்காமாரையும் அழைத்து உட்கார வைத்து நாம் பரிமாறுவோம். சந்தாவை இயன்ற அளவு கொடுக்கலாம் என்று வைப்போம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது செயலாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மிஞ்சும் பணம் ஒரு நண்பனின் தேர்வுக் கட்டணமாகட்டும்.

எவரும் விடுபடாத மேசையில் அருந்துவதே உயர்ந்த தேநீர். அடுத்த பொதுக்குழுவில் கை உயர்த்தும்போது, நண்பர்களே, வர இயலாதவனை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.