உங்கள் கேம் சேவ் ஃபைலின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

ஐம்பது, அறுபது மணி நேரம் ஆடிய ஒரு கேம். அதில் நீங்கள் சேர்த்த காசு, திறந்த கதவுகள், வீழ்த்திய வில்லன்கள் எல்லாமே கடைசியில் ஒரு சின்ன ஃபைலுக்குள்தான் இருக்கின்றன. அதுதான் சேவ் ஃபைல். பல கேம்களில் அது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ அளவுகூட இருக்காது.

அந்த ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. ஆனால் திறந்தால் ஒன்றுமே புரியாது. காரணம், பல நிறுவனங்கள் அதை என்க்ரிப்ட் செய்து பூட்டிவிடுகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் டூல்களைச் சில புரோகிராமர்கள் எழுதி, கோடையும் சேர்த்து ஓப்பன் சோர்ஸாக இலவசமாகத் தருகிறார்கள். இது தப்பா, சரியா?

எல்லா கேமிலும் பூட்டு இருக்கா?

இல்லை. ஸ்டார்டியூ வேலி கேமின் சேவ் வெறும் எக்ஸ்எம்எல் எழுத்துகள், நோட்பேடிலேயே படிக்கலாம். எல்டன் ரிங் கேமின் கம்ப்யூட்டர் பதிப்பில் என்க்ரிப்ஷன் இல்லை. ஆனால் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் உண்டு. உள்ளே ஓர் எண்ணை மாற்றினால் கணக்கு ஒத்துப்போகாது, கேம் அதைக் கெட்டுப்போன ஃபைலாகவே பார்க்கும்.

அடுத்தது ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற சின்னக் குழு 2017-ல் வெளியிட்ட கேம். அதன் கம்ப்யூட்டர் சேவ் ஏஇஎஸ் முறையில் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். நின்டெண்டோ ஸ்விட்ச் சேவில் அந்தப் பூட்டு கிடையாது. கேம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் தகவலும் ஒரே வடிவம்தான். ஆனாலும் கம்ப்யூட்டரில் ஆடியதை ஸ்விட்சில் தொடர வேண்டுமென்றால் நடுவில் யாராவது பூட்டைத் திறந்து கொடுக்க வேண்டும்.

டூலை எப்படி எழுதுறாங்க?

முதலில் ஒரு சேவ். பிறகு ஒரே ஒரு காசை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு சேவ். இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுகிறார்கள். நாலைந்து இடம் மட்டும் மாறியிருந்தால் பூட்டு இல்லை என்று அர்த்தம். பெரும்பகுதி மாறியிருந்தால் உள்ளே என்க்ரிப்ஷனோ கம்ப்ரஷனோ இருக்கலாம்.

அடுத்த கேள்வி, சாவி எங்கே? இன்டர்நெட் இல்லாமலே கேம் தன் சேவைத் திறக்கிறது என்றால், சாவியும் கேமுக்குள்ளேயேதான் இருந்தாக வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு நிலைப்படி மேலே சாவியை வைத்துவிட்டுப் போவது மாதிரி. ஹாலோ நைட் யூனிட்டி எஞ்சினில், சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்டது. அதன் கோடை மீண்டும் படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. சாவி அங்கே எழுத்தாகவே கிடைத்தது.

கன்சோல்களில் கதை கடினம். சாவி ஒவ்வொரு மெஷினோடும் அக்கவுன்ட்டோடும் பிணைந்திருக்கலாம். அங்கே மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

கம்பெனிகள் ஏன் பூட்டுறாங்க?

அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் கேமில் ஒருவர் மட்டும் சேவை மாற்றிக்கொண்டு வந்தால் ஆட்டமே கெட்டுவிடும்.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. 2008-ல் நின்டெண்டோ வீ கன்சோலை உடைத்தது ஒரு சேவ் ஃபைல்தான். செல்டா: ட்விலைட் பிரின்சஸ் கேமில் ஹீரோவின் குதிரைக்குப் பெயர் வைக்கலாம். அந்த இடத்தில் அளவுக்கு மீறி நீளமான பெயரைப் போட்டு ஒரு சேவ் தயாரித்தார்கள். கேம் அதைப் படித்ததும் மெமரி வழிந்து, அனுமதியில்லாத புரோகிராம் ஓடத் தொடங்கியது. அதை அடைக்க நின்டெண்டோ அப்டேட் விட வேண்டியதாயிற்று.

சட்டம் என்ன சொல்லுது?

நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் 2018-ல் நியாயமற்ற போட்டித் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. சேவை மாற்றும் டூல்களை விற்பதும், மாற்றித் தரும் சேவையும் அங்கே குற்றம். மாற்றிய போகிமான் டேட்டாவை விற்றவர் 2024-ல் கைதானார். அதே 2024-ல் ஐரோப்பிய நீதிமன்றம், சோனி தொடர்ந்த வழக்கில் வேறு பக்கம் போனது. கேம் ஓடும்போது மெமரியில் எழுதும் மதிப்புகளை மட்டும் மாற்றினால், கோடைத் தொடாத வரை, அது காப்புரிமை மீறல் ஆகாது என்றது.

இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். ஆக, நோக்கம் முக்கியம். கேம் நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகள் தனி. அதை மீறினால் அக்கவுன்ட் போகலாம்.

ஏன் ஓப்பன் சோர்ஸ்?

‘சேவ் எடிட்டர்’ என்று தேடினால், ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று சொல்லும் மர்ம ஃபைல்கள் வரிசைகட்டும். அதற்குள் பாஸ்வேர்டு திருடும் புரோகிராம் இருந்தால் உங்களுக்குத் தெரியாது. கோடு வெளிப்படையாக இருந்தால் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்க்க முடியும். ஹாலோ நைட்டுக்கான டூல் ஒன்று பிரவுசருக்குள்ளேயே வேலை செய்கிறது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, ஆயுள். பழைய கேம்பாய் போகிமான் கார்ட்ரிட்ஜில் சேவைக் காப்பது ஒரு சின்ன பேட்டரி. அது தீர்ந்தால் சிறுவயது உழைப்பே போச்சு. பிகேஹெக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டூல் அந்தக் காலம் முதல் ஸ்விட்ச் காலம் வரையிலான போகிமான் சேவ்களைப் படிக்கிறது. மாற்றிய போகிமானை விவரம் தெரியாதவர்களிடம் கொண்டுபோகாதீர்கள் என்று அதை எழுதியவர்களே கேட்டுக்கொள்கிறார்கள்.

கோடு எங்கே?

நம் நிலைப்பாடு இதுதான். தனியாக ஆடும் கேமில், தன் சேவைத் தானே பேக்கப் எடுப்பதும், வேறு மெஷினுக்கு மாற்றுவதும், கெட்டதைச் சரிசெய்வதும் ஆடியவரின் உரிமை. மாற்றிய சேவை விற்பதும், ஆன்லைனில் அடுத்தவரை ஏமாற்றுவதும் அதில் சேராது.

நிறுவனங்கள் நினைத்தால் இந்தச் சண்டையைப் பெருமளவு குறைக்கலாம். ஸ்விட்சில் சேவை மெமரி கார்டுக்குக் காப்பி செய்ய முடியாது. கிளவுட் பேக்கப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். ஸ்ப்ளட்டூன் 2 போன்ற சில கேம்களுக்குச் சந்தா கட்டினாலும் அது கிடையாது. ஆன்லைன் பகுதியைச் சர்வரில் காத்துக்கொண்டு, தனி ஆட்டத்துக்கு ஓர் எக்ஸ்போர்ட் பட்டன் கொடுத்தால் போதும். அது வரும்வரை இந்த டூல்களை எழுதுபவர்களைத் திருடர் என்று சொல்வது நியாயமில்லை.

நீங்கள் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டே விஷயம்: முதலில் ஒரிஜினல் ஃபைலைத் தனியாகக் காப்பி எடுத்து வையுங்கள். கிளவுட் சிங்க்கை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் பழைய சேவ் வந்து புதியதன் மேல் உட்கார்ந்துவிடும்.